புறக்கடைத் தோட்டத்திற்கு நொச்சி வேலி

புறக்கடையில் கத்தரியும் அவரையும் பயிரிடும் குடியானவர்களுக்கு ஆண்டுதோறும் நேரும் வீண் செலவுகளுள் முள்வேலிச் செலவும் ஒன்றாகும். வெட்டிக் கொணர்ந்து அடைத்த முள், மழையில் மட்கியும் கறையான் பற்றியும் இற்றுப்போகின்றது. மறு ஆண்டு கூலி கொடுத்து மீண்டும் அடைக்க வேண்டும். சீமைக்கருவேல் முள்ளை நெற்றுகளோடு கொணர்வோர் வேறொரு தீங்கையும் உடன் கொணர்கின்றனர். அந்நெற்றுகளைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை எங்கும் பரவுகின்றது. ஒரு முறை நட்டுப் பல்லாண்டு பயன்பெறத்தக்க உயிர்வேலிக்கு நொச்சி மிகவும் ஏற்றது.

ஓடைக்கரைகளிலும் தரிசுகளிலும் எவரும் வளர்க்காமலே வளரும் இச்செடியைக் கிராமவாசிகள் யாவரும் அறிவர். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலைகள் விரல்களைப் போல் விரிந்து, அடிப்புறம் வெளிறியிருக்கும். கிளை நுனிகளில் நீலங்கலந்த ஊதாப் பூக்கள் கொத்தாக மலரும்; தேனீக்கள் அவற்றை நாடி வரும். தாவர நூலார் இதனை வைட்டெக்ஸ் நெகுண்டோ என்பர். துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வறட்சியைத் தாங்கும். நெடி மிகுதியால் ஆடுமாடுகள் பெரும்பாலும் கடிப்பதில்லை. பண்டைக் காலத்தில் மதிலைக் காத்து நின்ற வீரர் சூடிய பூ இதுவே. வேலிக்கு இதனினும் பொருத்தமான பெயருடைய செடி கிடைப்பது அரிது! கருநொச்சி என்ற பெயரால் வேறு செடிகளையும் வழங்குவதுண்டாதலின், போத்து வாங்குவோர் இலையைப் பார்த்து வாங்குதல் நலம்.

வடகிழக்குப் பருவமழையை நம்பிய பகுதிகளில் புரட்டாசிக் கடைசியிலும், தென்மேற்குப் பருவமழை பெறும் பகுதிகளில் ஆனியிலும் நடலாம். கட்டைவிரல் பருமனுள்ள முற்றிய கிளைகளை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டுக. தலைகீழாய் நட்டுவிடாதிருக்க, அடிமுனையை மட்டும் சாய்வாக வெட்டுவது வழக்கம். ஓரடி அகலத்தில் வாய்க்கால் போல் மண்ணைக் கிளறித் தொழுவுரம் இட்டு, இரண்டு வரிசையாக, அடிக்கு ஒரு போத்து வீதம் நடவேண்டும். முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைப் போத்து அமைய வேண்டும். இரண்டு கணுக்களேனும் மண்ணுள் புதைந்திருக்க வேண்டும். மழை தவறினால் முதல் இரண்டு மாதங்கள் நீர் ஊற்றுக. ஆனால் நீர் தேங்கினால் போத்து அழுகும்.

இதன்பின் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். செடி செழித்தெழுவதைக் கண்டு வெட்ட மனம் வராது விட்டுவிடுவர். அது 10 அடிக்கு மேல் உயர்ந்து, அடிப்பாகம் வெறுமையாகி, கோழியும் ஆட்டுக்குட்டியும் தாராளமாய் நுழையும் வழியாகிவிடும். முதலாண்டு முடிவில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு இரக்கமின்றி வெட்டினால்தான் அடியிலிருந்து கிளைகள் நெருங்கி வரும். பூ புதுத் தளிர்களின் நுனியில் வருவதால், ஓயாது கத்தரிக்கும் வேலியில் அதனைக் காண்பதரிது. பூ வேண்டுவோர் ஒரு மூலையை வளரவிடுவர்.

வெட்டிய தழை வீணாவதில்லை. நடவுக்கு முன் நெல்வயலில் மிதித்துவிட நல்ல தழையுரமாகும். நீண்ட கிளைகள் கூடை முடைய உதவும். தானியத்துடன் நொச்சி இலையை இட்டு வைப்பது பழைய முறை. பச்சை இலையை இடுவது கூடாது. அதன் ஈரம் பூஞ்சணத்திற்கு இடமாகும். நிழலில் உலர்த்திய இலையே உகந்தது. பயறு வண்டு வயலிலேயே காய்களின்மேல் முட்டையிடுவதால், உளுந்தையும் பாசிப்பயற்றையும் முன்னரே நன்கு வெயிலில் காயவைத்தல் அவசியம். உள்ளே புகுந்துவிட்ட புழுவை இலையால் விலக்க இயலாது.

2014-ஆம் ஆண்டில் சென்னையில் கொசுத் தொல்லைக்காக நொச்சிக் கன்றுகளை வீடுகளுக்கு வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனினும் முற்றத்தில் செடி நிற்பதனால் மட்டுமே கொசு அகன்றுவிடும் என எதிர்பார்த்தல் தகாது. மாலையில் இலையைப் புகைப்பதே ஊர்வழக்கு.

எல்லை ஓரத்தில் நடுவோர் இரண்டடி உள்ளே தள்ளி நடவேண்டும். வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பி அயலார் நிலத்தில் புகுவதாலும், அளவுக்கல் புதரில் மறைந்துபோவதாலும் வழக்கு விளையக்கூடும். கிராம அதிகாரிகள் இதனை நடும்போதே எடுத்துரைத்தல் நலம். அப்பக்கக் கன்றுகளை ஆண்டுக்கொருமுறை வேருடன் பெயர்த்தெடுத்தால் அடுத்த வேலிக்கு அவையே நாற்றாகும்.