தட்டணுவை எண்ணும் ஒளி

ரத்தத் தட்டணு முழுமையான செல் அல்ல. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து உதிரும் துணுக்கு அது. உட்கரு கிடையாது; குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர்; ஆயுள் 7 முதல் 10 நாள். காயம் பட்ட இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைப்பது அதன் வேலை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருந்தால் இயல்பு.

தமிழ்நாட்டு வீடுகளில் தட்டணுவைக் குறிக்கும் ‘பிளேட்லெட்’ என்ற சொல்லைப் புழங்க வைத்தது, அதன் எண்ணிக்கையைக் குறைக்கும் டெங்கு. 2017-இல் மாநிலத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அது தாக்கியது. சேலம் மாவட்டமும் தப்பவில்லை. ஏற்காட்டில் காய்ச்சல் முற்றியவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்து மருத்துவமனைகளுக்கு வந்தாக வேண்டும். வார்டு வாசலில் ‘நேத்து எழுபதாயிரம், இன்னைக்கு நாப்பதாயிரம்’ என்பதே பேச்சாக இருக்கும். அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பழைய முறை கண்ணால் எண்ணுவது. ரத்தத்தை அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் 20 மடங்கு நீர்க்கச் செய்தால் சிவப்பணுக்கள் உடைந்து கரைந்துவிடும், தட்டணுக்கள் தங்கும். கட்டம் போட்ட நியூபாயர் கண்ணாடியில் அதை விட்டு, ஈரத்தாள் வைத்த மூடிய தட்டில் கால் மணி நேரம் வைத்தால் தட்டணுக்கள் அடியில் படியும். நடுச்சதுரத்தின் 25 கட்டங்களில் ஐந்தை மட்டும் எண்ணி ஆயிரத்தால் பெருக்க வேண்டும். 40 தென்பட்டால் 40,000. இரண்டு தட்டணு விடுபட்டாலே விடையில் இரண்டாயிரம் குறைந்துவிடும். நாளைக்கு நூறு மாதிரி வரும் காய்ச்சல் காலத்தில் இந்த முறை தாங்காது.

அதனால் வந்தது செல் கவுன்ட்டர். 1953-இல் அமெரிக்காவின் வாலஸ் கோல்ட்டர் காப்புரிமை பெற்ற மின்தடை முறைதான் இன்றும் சிறிய லேப்களில் பெரும்பாலும் ஓடுகிறது. நுண்துளை வழியே செல் நுழையும்போது மின்னோட்டம் ஒரு கணம் தடைபடும். தடையின் அளவு செல்லின் பருமனைச் சொல்லும். பருமன் தவிர வேறெதையும் இது அறியாது என்பதே இதன் குறை. இரும்புச்சத்துக் குறைவால் சிறுத்துப்போன சிவப்பணுவையும் உடைந்த சிவப்பணுத் துண்டையும் தட்டணு என்று எண்ணிவிடும். பூதாகாரத் தட்டணுவைச் சிவப்பணுக் கணக்கில் தள்ளிவிடும். ரத்தசோகை மலிந்த நாட்டில் முதல் பிழையை அலட்சியப்படுத்த முடியாது: தட்டணு உண்மையில் குறைந்திருக்க, சீட்டு நிறைவாகக் காட்டும்.

ஒளி இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. உறைபோலச் சூழ்ந்து வேகமாக ஓடும் நீர்மத்தின் நடுவே செல்கள் ஒற்றை வரிசையில் செல்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் லேசர் கதிர் படுகிறது. முன்பக்கம் சிறு கோணத்தில் சிதறும் ஒளி பருமனைக் காட்டும். அதிகக் கோணத்தில் சிதறுவது உள்ளடக்கத்தை. ஹீமோகுளோபின் நிறைந்த சிவப்பணுவும் துகள்கள் நிறைந்த தட்டணுவும் ஒரே பருமனில் இருந்தாலும் ஒளியைச் சிதறடிக்கும் விதம் வேறு. (சிதறல் என்றதும் சி.வி. ராமன் நினைவுக்கு வரலாம். ராமன் விளைவில் ஒளியின் நிறமே மாறும். இங்கே நிறம் மாறுவதில்லை.) இன்னும் ஒரு படி மேலே, தட்டணுவின் ஆர்.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயத்தைச் சேர்க்கும் கருவிகள் உண்டு. சிவப்பணுத் துண்டில் அந்தச் சாயம் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் உரைகல்லாக 2001-இல் ரத்தவியல் தர நிர்ணயச் சர்வதேசக் குழு ஏற்றது, சிடி41, சிடி61 என்ற தட்டணுப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருள்களை வைத்து எண்ணும் முறை. செலவு அதிகம், அன்றாட லேப் வேலைக்கு உதவாது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் தட்டணு வேலை செய்யாமல் போகலாம். கிளான்ஸ்மன் நோய் அப்படிப்பட்டது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் தோன்றும். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள தமிழ்நாட்டில் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. இதைக் கண்டறியும் ஒளிமுறையை 1962-இல் வெளியிட்டவர் லண்டனில் பணியாற்றிய குஸ்டாவ் போர்ன். அவருடைய தந்தை, ராமனின் அழைப்பில் 1935-36-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் பஸ்ஸின் விளக்குகூட மங்கும். அதே நீர் மழைத்துளியாகத் திரண்டு விழுந்துவிட்டால் பாதை தெளியும். போர்னின் கருவியில் நடப்பதும் அதுவே. தட்டணு நிறைந்த பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். ஒளி சிரமப்பட்டே ஊடுருவும். 37 டிகிரியில் கலக்கிக்கொண்டே ஏடிபி (ADP) என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் தட்டணுக்கள் திரளும்; பிளாஸ்மா தெளியும்; ஊடுருவும் ஒளியின் வரைகோடு மேலேறும். கிளான்ஸ்மன் நோயாளியின் வரைகோடு படுத்தே கிடக்கும்.

எந்தக் கருவியையும் ஏமாற்றும் ஒன்று உண்டு: ஊதா மூடிக் குழாயில் உள்ள உறைவுத்தடுப்பான் இடிடிஏ. சிலரின் ரத்தத்தில் அதுவே தட்டணுக்களைக் கொத்துக்கொத்தாக ஒட்டவைக்கும். கொத்தைக் கருவி தட்டணுவாகக் கொள்ளாததால் எண்ணிக்கை பொய்யாகச் சரியும். உடம்பில் புள்ளியோ கசிவோ இல்லாதவருக்குச் சீட்டு இருபதாயிரம் என்றால், பதறும் முன் ஸ்லைடு போட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்; சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

மலையிலிருந்து மாதிரி கொடுத்தனுப்புவோர் கவனிக்க வேண்டியது: ரத்தம் எடுத்ததும் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. எடுத்த நேரத்தைக் குழாயில் எழுத வேண்டும். குளிரில் தட்டணு தட்டு வடிவம் இழந்து உருண்டுவிடும். அதனால் ஐஸ் பெட்டி வேண்டாம்.