சொற்செயலியில் சிறப்புக் குறியீடுகளைச் செருகுதல்

சொற்செயலியில் சிறப்புக் குறியீடுகளைச் செருகுதல் என்பது, விசைப்பலகையில் நேரடியாகக் காணப்படாத °, ±, π, Ω, ₹ போன்ற குறியீடுகளை ஆவணத்தில் இடுவதாகும். இதற்குப் பல வழிகள் உள்ளன. திரையில் தோன்றும் வடிவம் ஒன்றுபோல் இருப்பினும், கோப்பில் சேமிக்கப்படுவது வழிக்கு வழி வேறுபடலாம்.

செருகும் முறைகள்

மைக்ரோசாப்ட் வேர்டில் இன்செர்ட் பட்டியிலுள்ள சிம்பல் என்பதையும், லிப்ரெஓபிஸ் ரைட்டரில் அதே பட்டியிலுள்ள ஸ்பெஷல் கேரக்டர் என்பதையும் தெரிவு செய்தால் குறியீட்டு அட்டவணை திறக்கும். எப்போதாவது தேவைப்படுவோருக்கு இதுவே போதும்.

அடிக்கடி தேவைப்படுவோருக்கு எண் வழி விரைவானது. விண்டோசில் ஆல்ட் விசையை அழுத்தியவாறு வலப்புற எண்பலகையில் 0176 என இட்டால் ° குறியும், 0177 என இட்டால் ± குறியும், 0181 என இட்டால் µ குறியும் கிடைக்கும். வேர்டில் 2264 எனத் தட்டச்சு செய்து, உடனே ஆல்ட், எக்ஸ் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவ்வெண் ≤ ஆக மாறும். 2260 என்பது ≠ ஆகும். இவை பதினாறடிமான ஒருங்குறி எண்கள். எண்ணுக்கு முன்னால் வேறு இலக்கம் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதால் இடைவெளி விடுவது நன்று. குறியீட்டை அடுத்து நிலைகாட்டியை வைத்து அதே விசைகளை அழுத்தினால் அதன் எண் தெரியும்.

எழுத்துருவால் நேரும் பிழை

சிம்பல் என்றே பெயருடைய எழுத்துரு ஒன்று உண்டு. இதில் ஆங்கிலப் பெரிய டபிள்யூ Ω வடிவிலும், சிறிய எம் μ வடிவிலும் வரையப்பட்டுள்ளன. ஆங்கில எழுத்தைத் தட்டச்சு செய்து எழுத்துருவை மட்டும் மாற்றினால், கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்தே. அவ்வுரையை மின்னஞ்சலிலோ இணையப் படிவத்திலோ ஒட்டும்போது எழுத்துரு நீங்கிவிடக்கூடும். அப்போது 10 ஓம் என்பது 10 வாட் ஆகிவிடும். 50 மைக்ரோகிராம் மருந்து 50 மில்லிகிராம், அதாவது ஆயிரம் மடங்கு ஆகிவிடும். வெற்றுக் கட்டம் தோன்றினால் படிப்பவர் பிழையை உணர்வார். இங்கோ பொருளுடைய வேறோர் அலகு வருவதால் ஐயமே எழாது. பாமினி எழுத்துருவில் எழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இதைச் சோதிப்பது எளிது. குறியீட்டை நகலெடுத்து நோட்பேடில் ஒட்ட வேண்டும். வடிவம் மாறாதிருந்தால் அது ஒருங்குறி எழுத்து. ஆங்கில எழுத்தாகவோ கட்டமாகவோ மாறினால் எழுத்துருவின் தோற்றமே.

ரூபாய்க் குறியும் தமிழ்க் குறிகளும்

இந்திய ரூபாய்க் குறி 2010 சூலையில் ஏற்கப்பட்டு, அதே ஆண்டு ஒருங்குறியின் 6.0 பதிப்பில் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில், 1 என்ற எண்ணுக்கு இடப்புறமுள்ள விசையில் இக்குறியை வரைந்த எழுத்துருக்கள் பரவின. அவ்வாறு எழுதிய விலைப்பட்டியல்கள் பிற கணினிகளில் வெறும் ஒற்றை மேற்கோள் போன்ற கோட்டையே காட்டின. தற்போது விண்டோசின் ஆங்கிலம் (இந்தியா) விசைப்பலகையில் வலப்புற ஆல்ட் விசையுடன் 4 அழுத்தினால் ₹ கிடைக்கும்.

தமிழ்க் கணக்கேடுகளில் வழங்கிய ௳ (நாள்), ௴ (மாதம்), ௵ (வருடம்), ௹ (ரூபாய்) ஆகியவை 2003இல் ஒருங்குறியின் 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. வேர்டில் ஆல்ட் விசையுடன் எண்பலகையில் முறையே 3059, 3060, 3061, 3065 என இட்டு இவற்றைப் பெறலாம். எனினும், பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவில் இவற்றுக்கு வடிவம் இருத்தல் வேண்டும்.