விதை சுமக்கும் மீன்கள்

மரத்தின் விதையைத் தூக்கிக்கொண்டுபோய் வேறிடத்தில் போடுபவை எவை என்று கேட்டால், காற்று, பறவை, வௌவால், அணில் என்று நம் பிள்ளைகள் அடுக்கிவிடுவார்கள். மீன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மீன் புழுவைத் தின்னும், பாசியைத் தின்னும், பழமும் தின்னுமா? தின்னும். அதனால் காடும் வளரும். அது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

இதற்கு நாம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். அது நமக்கு முற்றிலும் அந்நியமான இடமன்று. நாம் பால் வெட்டும் ரப்பர் மரத்தின் பிறந்தகம் அதுதான். 1876ஆம் ஆண்டில் அங்கிருந்து விதைகள் இலண்டனுக்குச் சென்றன. அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. பேராக்கிலுள்ள கோலாகங்சாரில் நடப்பட்ட 9 கன்றுகளும் அவ்வழியில் வந்தவைதாம்.

அமேசான் ஆண்டுதோறும் பெருகி, கரையோரக் காட்டுக்குள் புகுந்துவிடும். சில இடங்களில் நீர் 10 மீட்டர் உயரத்திற்கும் ஏறும். பல மாதங்கள் காடு வெள்ளத்தில் நிற்கும். அங்குள்ள மரங்களில் பல, அந்தக் காலத்தில்தான் பழுக்கின்றன. பழம் தரையில் விழுவதற்கு மாறாக நீரில் விழுகிறது. ஆற்றிலிருந்த மீன்கள் மரங்களுக்கிடையே நீந்தி வந்து, விழும் பழத்திற்குக் காத்திருக்கின்றன.

அவற்றுள் பெரியது தம்பாக்கி என்னும் மீன். ஒரு மீட்டர் நீளமும் ஏறத்தாழ 30 கிலோ எடையும் வரை வளரக்கூடியது. அதன் பற்கள் நம் கடைவாய்ப் பற்களைப் போல் அகன்று உறுதியாக இருக்கும். நம் சந்தையில் ‘பாவால் ஆயர் தாவார்’ என்று விற்கும் நன்னீர் வௌவால் மீன் இதன் நெருங்கிய உறவு. அதுவும் அமேசானிலிருந்து வந்ததே. அடுத்த முறை வாங்கும்போது தாய்மார்கள் அதன் வாயைத் திறந்து பாருங்கள். பல்லின் உறுதி தெரியும்.

பழம் ‘தொப்’பென்று விழும் ஓசை கேட்டால் தம்பாக்கி அங்கே ஓடிவரும். இதை அறிந்த அமேசான் மீனவர்கள், கயிற்றில் கட்டிய உருண்டையால் நீரைத் தட்டிப் பழம் விழுவதுபோல் ஓசை எழுப்பி, தூண்டிலில் அதைப் பிடித்து வந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரப்பர் காய் வெடித்து நீரில் விழும் கொட்டையையும் தம்பாக்கி விரும்பித் தின்னும். ஆனால் அதைப் பல்லால் நொறுக்கிவிடும். நொறுங்கிய கொட்டை முளைக்காது. ரப்பர் கொட்டை மிதந்து சென்று பரவுவது வேறு வழி. சதைப்பற்றுள்ள பழங்களின் சிறு விதைகளோ பல்லுக்குத் தப்பி, முழுதாக வயிற்றுக்குள் போய்விடுகின்றன. அவை செரிப்பதில்லை. சில நாள் கழித்து, மீன் எங்கே இருக்கிறதோ அங்கே எச்சத்தோடு வெளியேறுகின்றன. வெள்ளம் வடிந்ததும் வண்டல் மண்ணில் முளைக்கின்றன.

மிதக்கும் விதை நீரோடும் திசையில்தான் போகும். ஆற்றின் மேற்பக்கம் ஏறாது. மீனோ நீரை எதிர்த்தும் நீந்தும். பக்கவாட்டில் காட்டுக்குள்ளும் புகும். ஆகவே நீர் கொண்டுபோக முடியாத இடத்திற்கும் மீன் விதையைக் கொண்டுபோகிறது. பெரு நாட்டின் பக்காயா சமீரியா காப்பகத்தில் ஆய்வாளர்கள் தம்பாக்கி மீன்களுக்கு வானொலி அலை அனுப்பும் சிறு கருவியைப் பொருத்தி, அவை போகும் இடங்களைக் குறித்தார்கள். விதை எத்தனை நாள் வயிற்றில் தங்குகிறது என்பதையும் அளந்தார்கள். ஒரு மீன் 5 கிலோமீட்டருக்கு மேலும் விதையைச் சுமந்துபோகக்கூடும் என்று கணக்கிட்டு, 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைப்பது. மீன் பெரிதாக இருக்க இருக்க, விதை அதன் வயிற்றில் நெடுநேரம் தங்குகிறது; தொலைவும் கூடுகிறது. ஆனால் வலையில் முதலில் தேடப்படுவதும் அந்தப் பெரிய மீன்தான். சதையும் மிகுதி, விலையும் மிகுதி. பிரேசிலில் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்த தம்பாக்கியைப் பிடிக்கத் தடை உண்டு. அது குஞ்சுகளைக் காக்கும்; பல ஆண்டு வளர்ந்த முதிய மீனைக் காக்காது. குளத்தில் வளர்க்கும் தம்பாக்கி சந்தையின் தேவையைத் தீர்க்கும்; காட்டில் விதை போடாது. பெரிய மீன்கள் ஆற்றிலிருந்து மறைந்தால், மரங்களின் விதைகளைத் தொலைவிடங்களுக்குச் சுமப்பவர் குறைந்துபோவார்கள். அது ஓராண்டில் தெரியாது. பழைய மரம் விழுந்து, அவ்விடத்தில் புதுக்கன்று வராதபோதுதான் தெரியும்.

நம் நாட்டு ஆறுகளிலும் கெலா, ஜெலாவாட் முதலிய மீன்கள் கரையோர மரங்களின் பழங்களைத் தின்று வாழ்கின்றன. கரையிலுள்ள மரம் போனால் அவற்றின் இரை போகும். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஆற்றுக்குப் போகும் தந்தைமார், உடன் வரும் பிள்ளைக்கு மீனை மட்டும் காட்டாமல், மேலே சாய்ந்து நிற்கும் மரத்தையும் காட்டட்டும். மரம் மீனுக்குச் சோறு போடுகிறது. அமேசானில் மீன் மரத்தின் பிள்ளையைச் சுமந்துபோய் இறக்கிவிடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கெடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.