எம்.பி.ஏ. படிப்பும் எருமைத் தொழுவமும்

குஜராத் மாநிலம் ஆனந்த் நகரில் இருக்கிறது ‘இர்மா’ என்கிற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனம். இங்கே சேரும் மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் வாரக்கணக்கில் தங்கியாக வேண்டும். எருமைக்குத் தீவனச் செலவு எவ்வளவு, சொசைட்டியில் பாலுக்கு என்ன விலை, அவசரத்துக்குக் கடன் யாரிடம் என்று வீடு வீடாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் படிப்பில் சேர்த்தி.

விவசாயியை முதலாளியாக ஏற்று வேலை பார்க்கும் மேனேஜர்கள் வேண்டும் என்றுதான் 1979-ல் வர்கீஸ் குரியன் இதைத் தொடங்கினார்.

நிர்வாகப் படிப்பு ஒன்றுதான். தொடங்கியவர்களின் நோக்கம் இடத்துக்கு இடம் வேறு. 1949-ல் ஜாம்ஷெட்பூரில் இயேசு சபையினர் ஆரம்பித்த எக்ஸ்.எல்.ஆர்.ஐ., தொழிலாளர் உறவுப் படிப்பில் பெயர் வாங்கியது. 1961-ல் வந்த அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டின் துணையோடு ‘கேஸ்’ முறையைக் கொண்டுவந்தது. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, தலைமை நிர்வாகியின் இடத்திலிருந்து முடிவெடுக்க மாணவர்கள் பழகுகிறார்கள். மும்பை எஸ்.பி. ஜெயின் கல்லூரியிலோ, எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவதும் பாடம்.

இதெல்லாம் மனசை மாற்றுமா?

அமெரிக்காவின் ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, மாறுகிறது என்றது. ஆனால் வேறு திசையில். எம்.பி.ஏ.வில் நுழையும்போது வாடிக்கையாளர், பொருளின் தரம் என்று பேசியவர்கள், முடிக்கும்போது பங்குதாரரின் லாபத்தை முன்னால் வைத்தார்கள். 2006-ல் டொனால்ட் மெக்கேப் குழுவினர் அமெரிக்க, கனடிய முதுநிலை மாணவர்களிடம் விசாரித்தபோது, தேர்விலோ பணிகளிலோ ஏமாற்றியதாக ஒப்புக்கொண்டவர்கள் வணிகப் படிப்பில் 56 சதவீதம். மற்ற துறைகளில் 47.

பழி முழுவதையும் கல்லூரிமேல் போட்டுவிட முடியாது. பணம் பண்ண நினைப்பவர் அதற்கேற்ற கல்லூரியைத் தேடுவார். கிராமத்தில் வேலை செய்ய விரும்புபவர் ஆனந்துக்கு ரயில் ஏறுவார். கல்விக் கடனுக்கும் இதில் பங்குண்டு. அகமதாபாத்தில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. மாதத் தவணை மண்டைக்குள் ஓடும்போது, பிளேஸ்மென்ட் நாளில் சம்பளம்தான் முதலில் கண்ணில் படும். இர்மா வளாகத்துக்கும் வங்கிகளும் தனியார் கம்பெனிகளும் ஆள் எடுக்க வருகின்றன.

2025-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, இர்மாவை ‘திரிபுவன் சஹகாரி பல்கலைக்கழகம்’ ஆக்கியிருக்கிறது. நாடெங்கும் கல்லூரிகளை இணைத்துக் கூட்டுறவுத் துறைக்கு ஆள் தயாரிப்பது திட்டம். இணையும் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும். மாணவர்களை வாரக்கணக்கில் கிராமத்தில் தங்கவைக்க, இடம் கொடுக்கும் ஊரும், கூடப் போக ஆசிரியரும், அதற்கான காசும் வேண்டும்.