இரு நிரல்கள்

மக்கட்பெருக்கத்திற்கு உணவுப்பெருக்கம் ஈடுகொடுக்குமோ என்று ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் மால்தஸ், 1798-ஆம் ஆண்டில் தம் பெயர் குறியாது ஒரு நூல் வெளியிட்டார். 25 ஆண்டுகளுக்கு ஒரு படியாக அதில் இரு நிரல்களை வகுத்தார்.

மக்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256
உணவு: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9

முதலிரண்டு எண்களை மட்டும் காண்பார்க்கு இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். மாணவர் பலர் இடறுவது இங்கேதான். மூன்றாம் எண்ணிலேயே வேற்றுமை தலைகாட்டுகின்றது. கீழ்நிரலில் ஓர் எண்ணை அடுத்த எண்ணிலிருந்து கழித்தால் எங்கும் 1 எஞ்சும்; அது கூட்டுத்தொடர். மேல்நிரலில் கழித்தால் 1, 2, 4, 8 என வேறுபாடும் உடன் வளரும்; வகுத்தாலோ எங்கும் 2 என்னும் விகிதமே கிடைக்கும்; இது பெருக்குத்தொடர். கழித்தும் வகுத்தும் பார்த்த பின்னரே ஒரு நிரலின் இயல்பைத் துணிதல் வேண்டும்.

200 ஆண்டுகளில் 256 பங்கு மக்களுக்கு 9 பங்கு உணவு! பசி நாடுகளை வாட்டும் என மால்தஸ் அஞ்சினார். அவர் கணக்கில் பிழையில்லை. ஆயினும், மேல்நிரலுக்கு வட அமெரிக்கக் குடிகளின் பெருக்கம் சான்றாயிருந்தது. கீழ்நிரலோ அளந்தறிந்ததன்று, அவர் கருதிக்கொண்டதே. 1800-ஐ ஒட்டி ஏறத்தாழ 100 கோடியாயிருந்த உலக மக்கள் 2022-இல் 800 கோடியாயினர், எட்டு மடங்கே. காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா செய்யும் ஆலை 1913-இல் ஜெர்மனியில் இயங்கத் தொடங்கியது. அதன்வழி வந்த உரம் வயல்களின் விளைவைப் பெருக்கிற்று.