கிளிப் போடும் முன் மூக்கைப் பார்க்க வேண்டும்

1970களில் கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர், வளரும் குரங்குகளின் மூக்குத் துவாரங்களைச் சிலிக்கோன் துண்டுகளால் அடைத்தார். வேறு வழியில்லாமல் அவை வாயால் மூச்சுவிடப் பழகின. நாளாக ஆகத் தாடை கீழிறங்கியது, பல்வரிசை கலைந்தது. எல்லாக் குரங்குக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை. ஆனாலும் மூக்கடைப்பு முகத்தின் வளர்ச்சியையே திருப்பிவிடலாம் என்பது தெரிந்தது. ஸ்வீடனில் ஸ்டென் லிண்டர் ஆரன்சன், மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை பெருத்த பிள்ளைகளிடம் குறுகிய மேல்தாடையையும் நீண்ட முகத்தையும் கண்டு 1970இல் எழுதினார்.

இந்த உண்மையின் மேல்தான் இன்று ஒரு வியாபாரமும் நடக்கிறது. "பையன் வாயைத் தொறந்துக்கிட்டே தூங்குறான், குறட்டை விடுறான், இன்னும் படுக்கையை நனைக்கிறான், டாக்டர்" என்று வரும் பெற்றோரிடம், மேல்தாடையை அகலமாக்கினால் எல்லாம் சரியாகும் என்று சொல்லும் மருத்துவர்கள் உலகெங்கும் உண்டு. அந்தப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. உறக்கத்தில் மூச்சு தடைபடும் குழந்தை, பெரியவர்களைப் போலப் பகலில் தூங்கி வழிவது குறைவு. ஓரிடத்தில் உட்காராது, எரிந்து விழும், பாடத்தில் மனம் நிற்காது. சேட்டைக்காரப் பிள்ளை என்று அடி வாங்குவதும் உண்டு. அப்படியொரு பிள்ளையின் வாயைப் பார்த்து, "இரவில் குறட்டை உண்டா?" என்று கேட்கும் பல் மருத்துவர் நல்ல காரியமே செய்கிறார். அடுத்து அவர் காது மூக்கு தொண்டை மருத்துவருக்குச் சீட்டு எழுதுகிறாரா, அல்லது அன்றே கருவிக்கு அளவெடுக்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

அண்ணத்தை விரிக்கும் கருவி புதிதல்ல. சான் பிரான்சிஸ்கோவின் எமர்சன் ஏஞ்செல் 1860லேயே அதைப் பற்றி எழுதினார். மேல் கடைவாய்ப் பற்களில் பிடிக்கவைத்து நடுவில் ஒரு திருகு இருக்கும். சிறு சாவியால் பெற்றோரே திருப்பலாம். பொதுவாக ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். அண்ணத்தின் நடுப் பொருத்து சிறுவயதில் இறுகியிருக்காது என்பதால் எலும்பு விலகிக் கொடுக்கும். பிறகு புது எலும்பு உறுதிப்படும்வரை சில மாதங்கள் கருவியை அப்படியே விட்டுவைப்பார்கள். மேல்தாடை குறுகி, மேல் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்பக்கமாகக் கடிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்கு தேர்ந்த சிகிச்சை.

குறட்டைக்கு? 2004இல் இத்தாலியில் பவோலா பிரெல்லியும் குழுவினரும் 31 பிள்ளைகளுக்கு இதைப் பொருத்தினார்கள். உறக்கத்தில் மூச்சு நிற்பது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த 31 பேரும் தாடை குறுகியவர்கள், அடினாய்டு பெருக்கம் இல்லாதவர்கள். விளம்பரத்தில் இந்த நிபந்தனை காணாமல் போய்விடுகிறது. கருவி பொருத்தாத பிள்ளைகளோடு ஒப்பிட்டும் அங்கே பார்க்கவில்லை.

அந்த ஒப்பீடு ஏன் முக்கியம் என்பதை 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டுகிறது. உறக்க மூச்சுத் தடை உள்ள, 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு டான்சில், அடினாய்டு அறுவைச் சிகிச்சை. மறு பாதியை வெறுமனே கவனித்துவந்தார்கள். ஏழு மாதம் கழித்து உறக்கப் பரிசோதனை செய்தபோது அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 79 சதவீதத்தினருக்குச் சீராகியிருந்தது. ஒன்றும் செய்யாதவர்களில்? 46 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகும் ஒன்றில், "கருவி போட்டோம், குறட்டை நின்றது" என்பது எதற்கும் சாட்சியாகாது. அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 2019இல் இதைத் தெளிவாகவே சொன்னது: பல் மருத்துவர் அறிகுறிகளைக் கண்டுபிடித்து அனுப்பலாம், நோயை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். பல், தாடைக் காரணம் இல்லாத பிள்ளைக்கு மூச்சுக்காக மட்டும் அண்ணத்தை விரிக்கக் கூடாது.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஓர் உதாரணம் உண்டு. நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்து முகத்தையே மாற்றலாம் என்று யூடியூபில் புகழ்பெற்ற மைக் மியூ, சிறு குழந்தைகளுக்குத் தாடை விரிப்பான்களும் தலையில் மாட்டும் கருவியும் கொடுத்தார். அந்தச் சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கண்ட பிரிட்டனின் பொதுப் பல் மருத்துவ கவுன்சில், 2024 நவம்பரில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அவருடைய காணொளிகள் தமிழ்ப் பதின்ம வயதினரின் கைபேசியிலும் ஓடுகின்றன.

அவசரமில்லாத இடத்தில் அவசரப்படுத்துவது இன்னொரு வழக்கம். எடுப்பான முன்பல்லுக்கு ஏழெட்டு வயதில் ஒரு கிளிப், பதின்மூன்றில் மறுபடி ஒன்று என்று இரண்டு கட்டணம். விழுந்து முன்பல் உடையும் ஆபத்து குறையும் என்பதே முன்கூட்டிப் போடுவதன் உறுதியான லாபம். மற்றபடி பதின்ம வயதில் ஒரே முறை போட்டாலும் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். குறுக்குக் கடி, உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு போன்றவை வேறு. அவை காத்திருக்கக் கூடாதவை. பிளவுகளும் பல் குறைபாடுகளும் 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இருக்கின்றன. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழுவே மேல் சிகிச்சைக்கு அனுப்பும்.

எந்தக் கிளிப்புக்கும் ஆபத்து உண்டு. சரியாகத் துலக்காவிட்டால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும். சிலருக்கு வேர் கரைந்து குட்டையாகும். இவற்றை முன்கூட்டிச் சொல்வது மருத்துவரின் பெருந்தன்மை அல்ல, கடமை. சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் சொல்லிப் பெறுவதே ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்ததாகாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. ஆகவே வாய்ப்பேச்சில் நிற்காமல், எதற்காக இந்தக் கருவி, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, பாதியில் ஊர் மாறினால் பணம் என்னவாகும் என்று எழுதி வாங்குவது நல்லது. செய்பவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. செலவு தாங்காதவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெனத் துறையே இருக்கிறது.

தவறு நடந்தால் மாநிலப் பல் மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக நடக்கும் அரசு மருத்துவமனைக்கு அது பொருந்தாது. சிகிச்சைக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்தும் கேட்கலாம்.

பலர் சறுக்குவது ஆதாரத்தில். ரசீது, முதல் எக்ஸ்ரே, பல் அச்சு, தேதி போட்ட புகைப்படம் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு. மனக்கசப்பில் உடனே வேறு மருத்துவரிடம் ஓடி அடுத்த கிளிப்பை மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்பே அந்த இரண்டாவது மருத்துவரிடம் புதிய எக்ஸ்ரே எடுத்து, அன்றைய நிலையை எழுதி வாங்கிவிட வேண்டும். புதுக் கருவி ஏறிவிட்டால், வேர் கரைந்தது எதனால் என்று ஆணையத்தின் முன் பிரித்துக் காட்டுவது மிகவும் கடினம்.