புழங்கிய இடம் – 17: ஆகஸ்ட் மாதத்து நகல்

2006-ல் ஃபேஸ்புக்கின் நியூஸ் ஃபீடை எதிர்த்து லட்சக்கணக்கான மாணவர்கள் திரண்டதையும், அவர்களைத் திரட்டிக் கொடுத்ததே அந்த நியூஸ் ஃபீட்தான் என்பதையும் போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். இந்த வாரம் 2010-ல் செய்தி இணைப்புகளுக்கு வாக்குப் போடும் டிக் தளம் முகம் மாறிய கதையைச் சொல்வதாக இருந்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் எண் குறுக்கே வந்து நின்றுவிட்டது: 4,49,351. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. இடம் மிஞ்சினால் டிக், இல்லையென்றால் அடுத்த வாரம்.

ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டை ஆடுகிறவர்கள் 2013-ல் போட்ட வாக்குகள் அவை. அவர்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: 2007-ல் இருந்த விளையாட்டை அன்றிருந்தபடியே மறுபடி திறக்கலாமா?

வாக்கெடுப்பு வரை விஷயம் எப்படிப் போனது என்று தெரிய, அந்த விளையாட்டு எதைக் கேட்கிறது, எதைத் தருகிறது என்று கொஞ்சம் பார்த்தாக வேண்டும். ஆண்ட்ரூ கோவர், பால் கோவர் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் 2001 ஜனவரியில் வெளியிட்டது இது. ஜாகெக்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் நிறுவனம் நடத்துகிறது. அந்நாளில் பிரவுசரில் ஜாவா இருந்தால் போதும், எதையும் இறக்கி நிறுவ வேண்டியிருக்கவில்லை. பள்ளிக் கணினியிலும் பிரவுசிங் சென்டரிலும் ஆடலாம் என்பதால் உலகெங்கும் பிள்ளைகள் அதற்குள் போய் விழுந்தார்கள்.

உள்ளே போனால் மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், மீன் பிடிக்கலாம். ஒவ்வொரு தொழிலுக்கும் 99 நிலைகள். 99-ஐத் தொட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். இதில் 92-ஆம் நிலையை எட்டும்போதுதான் 65,17,253 புள்ளிகள் ஆகியிருக்கும். அதாவது 92 என்பது பாதி வழி! மீன்பிடித் தொழிலில் 40-ஆம் நிலைக்குப் பிறகு சிங்கி இறால் பிடிக்கலாம். ஓர் இறாலுக்கு 90 புள்ளி. இறால் மட்டுமே பிடித்து 99-க்கு ஏறுவதாக வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 1,45,000 இறால் வேண்டும். கராம்ஜா தீவின் படகுத்துறையில் கூட்டை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தோள்பையில் இருப்பது 28 இடம். கூட்டுக்கு ஒன்று, கப்பல் கூலிக்கான காசுக்கு ஒன்று போனால் மீதி 26. நடைக்கு 26 இறால் என்று கணக்குப் போட்டால் 5,500 நடைக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு முடித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் பெரிய மரியாதை வந்தது.

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பள்ளி நாளிலிருந்து இதை ஆடுகிறவன். அவனிடம் கேட்டபோது மேசையில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினான். டக், டக், டக். "இதுதான் மாமா அந்த ஊர் நாடி. 0.6 செகண்டுக்கு ஒரு தட்டு. வெட்டு, குத்து, நடை எல்லாம் இந்தத் தாளத்துலதான் நடக்கும். நல்லா ஆடுறவனுக்கு இது ரத்தத்துல ஊறிடும்." பேச்சு வேறெங்கோ போன பிறகும் அவன் விரல் நிற்கவில்லை.

இந்த உலகத்தில்தான் 2007 டிசம்பர் 10 அன்று முதல் இடி விழுந்தது. வைல்டர்னெஸ் என்று ஒரு பொட்டல் காடு உண்டு. அங்கே ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கலாம், வென்றவர் தோற்றவரின் பொருளை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சண்டையை நிறுவனம் அங்கிருந்து நீக்கிவிட்டது. 2008 ஜனவரி 2 அன்று இரண்டாவது இடி. கொடுக்கல் வாங்கலில் ஒருவர் மற்றவரைவிட ஏறத்தாழ 3,000 காசுக்கு மேல் கூடுதலாகப் பெற முடியாதபடி வரம்பு வைத்தார்கள். அனுபவம் கூடியவர்களுக்கு வரம்பு கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு அண்ணன் ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்க முடியாது. தரையில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்றால் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள்.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், அது சின்ன நியாயம் இல்லை. விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கும்பல்கள் பெருகியிருந்தன. அவர்கள் திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டி உள்ளே வந்தார்கள். கார்டின் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், நஷ்டம் ஜாகெக்ஸ் தலையில் விடியும். இது பெருகினால் கார்டில் பணம் வாங்கும் வசதியே பறிபோய்விடும் என்ற நிலை. சண்டையில் வேண்டுமென்றே தோற்பது, சும்மா கொடுப்பது, தரையில் போடுவது ஆகிய மூன்றும்தான் காசு கைமாறும் வாய்க்கால்கள். மூன்றையும் அடைத்தார்கள். கும்பல்களுக்கு வைத்த அடைப்பு நட்புக்கும் சேர்த்து விழுந்தது.

விளையாட்டுக்குள்ளேயே ஆட்டக்காரர்கள் ஊர்ச் சதுக்கங்களில் கூடிக் கோஷம் போட்டார்கள். பலர் சந்தாவை நிறுத்தினார்கள். மூன்று ஆண்டு கழித்து நிறுவனம் இறங்கிவந்து, பழைய வைல்டர்னெஸும் தடையில்லாக் கொடுக்கல் வாங்கலும் திரும்ப வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தது. சுமார் 12 லட்சம் வாக்குகள் விழுந்தன, நூற்றுக்கு 91 வேண்டும் என்றன. 2011 பிப்ரவரி 1 அன்று இரண்டும் திரும்பி வந்தன.

கதை அங்கே முடிந்திருக்கலாம். 2012-ல் அதிர்ஷ்டச் சக்கரம் ஒன்றை உள்ளே வைத்தார்கள். சுற்றினால் பரிசு விழும், பரிசில் திறன் புள்ளியும் உண்டு. சில வாரங்களில் சுற்றும் வாய்ப்பை நிஜப் பணத்துக்கே விற்கத் தொடங்கினார்கள். 5,500 நடை நடந்தவனின் மனநிலையில் இருந்து இதைப் பாருங்கள். அவன் பையில் இருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை, அவன் 99 அப்படியே இருக்கிறது. ஆனால் இனி 99 என்று ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் பார்க்கும்போது, அவன் நடந்து வந்தானா பணம் கட்டி வந்தானா என்று தெரியாது.

அதே 2012 நவம்பர் 20 அன்று சண்டை முறையையே மாற்றினார்கள். பழைய முறையில் எதிரியைத் தொட்டுவிட்டால் கை தானாக வீசும். எப்போது ஆயுதம் மாற்றுவது, எப்போது உணவு உண்பது என்பதில்தான் திறமை. புதிய முறையில் திரையின் அடியில் வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு நேரம். வேறு பெரிய விளையாட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது பிடித்திருக்கலாம். ரூன்ஸ்கேப்காரர்களுக்கு அது தங்கள் ஊரே இல்லை. கூட்டம் மளமளவென்று வடிந்தது.

என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும் சங்கதி இதற்கு அப்புறம் வருவது. நிறுவனத்திடம் விளையாட்டின் பழைய நகல் ஒன்று பத்திரமாக இருந்தது. மாதம்: 2007 ஆகஸ்ட். மேலே சொன்ன முதல் இடி விழுவதற்கு நான்கு மாதம் முந்தையது! எப்போதோ எடுத்து வைத்திருந்த நகல், ஆட்டக்காரர்கள் ஏங்கிக்கொண்டிருந்த காலத்துக்குள் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அது நான்கைந்து மாதம் பிந்திய நகலாக இருந்திருந்தால் வைல்டர்னெஸ் சண்டை அதில் இருந்திருக்காது. மென்பொருளின் பழைய வடிவங்களைக் காப்பது பற்றி இந்தத் தொடரில் முன்பே பலமுறை மன்றாடியிருக்கிறேன். இந்த ஒரு நகலுக்காகவே இன்னும் பத்து முறை மன்றாடலாம்.

2013 பிப்ரவரியில் ஜாகெக்ஸின் அப்போதைய தலைவர் மார்க் கெர்ஹார்ட் தலைமையில் வாக்கெடுப்பு திறந்தது. 50,000 வாக்கு விழுந்தால் பழைய விளையாட்டைத் திறப்போம், ஆனால் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம். 2,50,000 விழுந்தால் அந்தக் கட்டணம் குறையும். 5,00,000 என்றால் கூடுதல் கட்டணமே இல்லை. வாக்கெடுப்பு முடியக்கூட இல்லை, பிப்ரவரி 22 அன்றே ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் கதவைத் திறந்துவிட்டார்கள். முடிவில் வந்தது 4,49,351. ஐந்து லட்சத்துக்குக் குறைவுதான், ஆனாலும் கூடுதல் கட்டணத்தை நிறுவனம் விட்டுக்கொடுத்தது.

திறந்த கதவுக்குள் போனவர்களுக்குப் பழைய கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. சேர்த்த காசு இல்லை, வாள் இல்லை, 99 இல்லை. எல்லோரும் சின்ன வலையோடு பொடி இறால் பிடிப்பதில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் சந்தோஷமாக அதைச் செய்தார்கள். பயனர்கள் கோபப்படும் ஒவ்வொரு முறையும், சேர்த்து வைத்ததை இழக்கும் பயம் என்றும், புதியதைக் கண்டால் ஆகாது என்றும் நிறுவனங்களின் ஆட்கள் விளக்கம் சொல்கிறார்கள். சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்களிடம் முதல் விளக்கம் நிற்காது. இரண்டாவது விளக்கம் அடுத்த பத்தாண்டில் விழுந்தது.

திரும்பத் திறந்த விளையாட்டில் புதிதாக எதைச் சேர்ப்பது என்றாலும் வாக்கெடுப்பு என்று விதி வைத்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே வாக்குச் சாவடி இருக்கிறது, ஓரளவு ஆடியவர்களுக்கு வாக்கு உண்டு. பாதிக்கு மேல் வந்தால் போதாது, நூற்றுக்கு 75 வேண்டும். 2022-ல்தான் அதை 70 ஆக்கினார்கள். இவ்வளவு உயரமான தடை வைத்தால், பழமையில் ஊறியவர்கள் எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. 2015-ல் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தையை உள்ளே விட்டார்கள். 2007 ஆகஸ்ட் நகலில் அது கிடையாது. புதிய நிலப்பரப்புகள், புதிய எதிரிகள், 2018-ல் கைபேசி வடிவம் என்று விளையாட்டு வளர்ந்துகொண்டே போனது.

வேண்டாம் என்றதும் உண்டு. புதிய தொழில் ஒன்றைச் சேர்க்க 2014-ல் கேட்டார்கள், தோற்றது. 2015-ல் கடற்பயணம் என்ற தொழிலோடு வந்தார்கள், தோற்றது. 2019-ல் வேறொன்று, அதுவும் தோற்றது. கடற்பயணத்துக்குத் தனிக் கதை இருக்கிறது: முதலில் அது 2014-ல் ஏப்ரல் முட்டாள் தினத்துக்காகச் சொன்ன வேடிக்கை. அதைச் சிலர் நிஜமாகவே விரும்பிவிட்டார்கள். 2023-ல் மூன்று தொழில்களை முன்வைத்து எது வேண்டும் என்று கேட்டபோது கடற்பயணம் ஜெயித்தது. அதன் பிறகும் ஒவ்வொரு படியிலும் வரைவைக் காட்டி, கருத்துக் கேட்டு, மறுபடி வாக்குக்கு விட்டார்கள். 2025 நவம்பரில் கப்பல்கள் கடலில் இறங்கின. பழையதே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அதே கூட்டம், 2007-ல் இல்லாத ஒரு முழுத் தொழிலைத் தன் கையால் வாக்களித்து உள்ளே கொண்டுவந்திருக்கிறது! நிறுவனத்தின் உடைமை 2021-ல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கும், 2024-ல் சிவிசி என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கும் போனது. வாக்குச் சாவடியை யாரும் எடுக்கவில்லை. எல்லாமே அங்கே வாக்குக்கு வருவதில்லை, பிழை திருத்தம் மாதிரி விஷயங்களை நிறுவனமே முடிவு செய்கிறது, அதிலும் சண்டை வருகிறது. ஆனாலும் 2025-ல் ஒரே நேரத்தில் 2,00,000 பேருக்கு மேல் அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வீட்டுச் செய்தியும் இங்கே வரட்டும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டை நடத்தும் ப்ளிஸார்டின் 2013 மாநாட்டில் ஓர் ஆட்டக்காரர் எழுந்து, விளையாட்டின் பழைய வடிவத்தைத் தருவீர்களா என்று கேட்டார். மேடையில் இருந்த ப்ளிஸார்டுக்காரர் ஜே. ஆலன் பிராக், உங்களுக்கு அது வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டியதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். ரூன்ஸ்கேப்பின் பழைய கதவு திறந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை அப்போது. 2016 ஏப்ரலில், ரசிகர்களே நடத்திவந்த நாஸ்டால்ரியஸ் என்ற பழைய வடிவச் சர்வர் வழக்கறிஞர் கடிதத்துக்குப் பிறகு மூடப்பட்டது. அதில் 1,50,000 பேர் ஆடிக்கொண்டிருந்ததாக அதை நடத்தியவர்கள் சொன்னார்கள். 2017-ல் அதே பிராக் அதே மாநாட்டு மேடையில் பழைய வடிவம் வருகிறது என்று அறிவித்தார். 2019 ஆகஸ்டில் அது வந்த நாளில் உள்ளே நுழைய மணிக்கணக்கில் வரிசை நின்றது.

கூட்டத்தின் கோபத்தைக் கருத்தாக எடுத்துக்கொள்ளாமல் நோயாகப் பார்ப்பதுதான் இந்த நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது. உங்களுக்கு எது வேண்டும் என்று உங்களைவிட எங்களுக்குத் தெரியும் என்று நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருக்கத் துணிகிறவர்கள், நான்கு வாரம் கேட்டுப் பார்க்க ஏன் துணிவதில்லை? ஜாகெக்ஸிடம் இருந்தது ஒரு பழைய நகலும் ஒரு வாக்குப் பெட்டியும்தான். கேட்டார்கள், பதில் வந்தது, பதிலின்படி நடந்தார்கள். இதைச் செய்ய எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் வசதி இல்லாமல் இல்லை.

2012-ல் வந்த அந்த அதிர்ஷ்டச் சக்கரம், பழையதோடு கூடவே தனியாகத் தொடர்ந்து நடந்த புதிய ரூன்ஸ்கேப்பில் பெயரும் உருவமும் மாறி பதின்மூன்று ஆண்டு ஓடியது. 2025 நவம்பரில் 1,00,000 வாக்கு விழுந்தால் எடுத்துவிடுகிறோம் என்று நிறுவனமே சொன்னது. வாக்குகள் மளமளவென்று விழுந்தன.

டிக் கதைக்கு இடமில்லாமல் போய்விட்டது. 2010 ஆகஸ்டில் அங்கே கோபம் கொண்டவர்களுக்கு வாக்குச் சாவடி யாரும் வைக்கவில்லை. ஆனால் எந்தச் செய்தி முதல் பக்கத்துக்கு வரும் என்று வாக்குப் போடும் பொத்தான் அவர்கள் கையில் இருந்தது. அதை அழுத்தி, டிக்கின் முதல் பக்கம் முழுக்கப் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளாக நிரப்பிவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்று அடுத்த வாரம்.

(தொடரும்)